பட்டறைக்குப் போகும் கமக்காரன்
வேலைத்தலத்தில் உடலைக் காக்க ஒரு பாடம்

நீர்வேலிச் சந்தியில் விடியற்காலையில் நின்று பார்த்தால் இரண்டு விதமான சைக்கிள்கள் போவதைக் காணலாம். ஒன்றின் பின்னால் வாழைக்குலை கட்டியிருக்கும். மற்றதின் கைபிடியில் சாப்பாட்டுப் பை மட்டும் தொங்கும். முதலாவது சந்தைக்குப் போகிறது. இரண்டாவது சீமெந்துக் கல் அரியும் இடத்துக்கோ, வெல்டிங் பட்டறைக்கோ, மர ஆலைக்கோ, அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டைக்கோ போகிறது. இரண்டாவது சைக்கிளில் போகிறவர்களில் பலரும் ஒரு காலத்தில் குலை கட்டிப் போனவர்கள்தாம். அல்லது அப்படிப் போனவர்களின் பிள்ளைகள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் செம்மண் தறையையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்தன. 2009க்குப் பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆனாலும் எல்லோருக்கும் எல்லாக் காணியும் திரும்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை கமத்தை விட்டுக் கூலிவேலைக்குப் பழகிவிட்டது. காணி இல்லாதவனுக்கு உடம்புதான் காணி. அதையும் இழந்தால் குடும்பம் எதை நம்பி நிற்கும்? இந்தப் பாடம் அந்த உடம்பைப் பற்றியது.

இப்பாடத்தை வாசித்து முடித்ததும் நீங்கள் நான்கு விடயங்களை அறிந்திருப்பீர்கள்: வேலைத்தலத்தில் எவை ஆபத்தானவை, அவை உடலை எப்படித் தாக்குகின்றன, பாதுகாப்பை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும், விபத்து நடந்தால் சட்டம் என்ன சொல்கிறது.

1. நமக்கு முன்பே தெரிந்தவை

கமக்காரனுக்குப் பாதுகாப்பு என்பது புதிய சொல் அல்ல. மருந்து அடிக்கும்போது காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது என்பது நமக்குத் தெரியும். புகையிலைக் கன்றுக்குள் நனைந்தபடி நின்றால் தலை சுற்றும் என்பதும் தெரியும். இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால் புகை அடியில் தங்கி, இறங்கியவன் மூச்சடைத்துச் சாவான் என்பதும் பல ஊர்கள் உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம்.

ஆனால் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தோட்டத்தில் எப்போது வேலை செய்வது, எப்போது நிழலில் இருப்பது என்பதை நாமே தீர்மானித்தோம். பட்டறையில் அதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். தூசி பறக்கிறது என்பதற்காக நாம் வேலையை நிறுத்த முடியாது. எனவே இங்கே தனி ஒருவனின் கவனம் மட்டும் போதாது. முதலாளியும், கூட வேலை செய்பவர்களும், சட்டமும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு வரும்.

நமது மாகாணத்துக்குக் கைத்தொழில் புதிதல்ல. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் செய்தது. யுத்தத்தினால் இரண்டும் நின்றுபோயின. இன்று நமது ஆட்கள் வேலை செய்வது பெரும்பாலும் ஐந்து பேர், பத்துப் பேர் உள்ள சிறிய இடங்களில். பெரிய தொழிற்சாலையில் தொழிற்சங்கம் இருக்கும். முதலுதவி அறை இருக்கும். பரிசோதகர் வந்து போவார். சிறிய பட்டறையில் இவற்றில் ஒன்றும் இராது. ஆகவேதான் அங்கே வேலை செய்பவர் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும்.

2. கமம் விட்டுக் கல் ஆலைக்குப் போனவர்களின் கதை

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் என்ற மாவட்டங்கள் உள்ளன. அங்கே வாழும் பழங்குடி மக்கள் சிறிய நிலங்களில் மழையை நம்பிப் பயிர் செய்பவர்கள். மழை பொய்த்த காலங்களில் அவர்கள் குடும்பம் குடும்பமாக அயல் மாநிலமான குஜராத்தின் கோத்ரா பகுதிக்கு வேலை தேடிப் போனார்கள். அங்கே வெண்ணிறப் படிகக் கல்லை உடைத்து மாவாக்கும் ஆலைகள் இருந்தன. கல்லை உடைப்பதும், மாவைச் சாக்கில் நிரப்புவதும் அவர்களுக்குக் கிடைத்த வேலை. மாவைப்போல நுண்ணிய தூசியை அவர்கள் நாள் முழுதும் சுவாசித்தார்கள்.

சில மாதங்கள் வேலை செய்து ஊர் திரும்பியவர்களுக்கு இருமல் வந்தது. மூச்சு வாங்கியது. உடல் மெலிந்தது. பலருக்குச் சயரோகம் என்றே வைத்தியம் நடந்தது. இளம் வயதினர் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். அது சிலிக்கோசிஸ் எனப்படும் நோய் என்பது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் மக்களும் தொண்டர்களும் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தனர். 2010இல் இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு, இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 இலட்சம் இந்திய ரூபா வழங்கும்படி குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. அதைக் கொடுக்கும்படி இந்திய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2016இல்.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, அவர்கள் நம்மைப்போலக் கமம் கைவிட்டதனால் வேலை தேடிப் போனவர்கள். இரண்டாவது, நோய் வேலைத்தலத்தில் வெளிப்படவில்லை, ஊருக்குத் திரும்பிய பிறகே வெளிப்பட்டது. எனவே முதலாளியின் கண்ணில் அது படவேயில்லை. மூன்றாவது, பெயர்களை எழுதி வைத்ததனால்தான் நீதி ஓரளவாவது கிடைத்தது. எழுதி வைக்காத துன்பத்துக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்வதில்லை.

3. ஆபத்துகளை ஒவ்வொன்றாக அறிவோம்

தூசி

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இருமித் துப்பலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதில் சிலிக்கா இருந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இறுகிய நுரையீரலை முன்போல் ஆக்க மருந்து இல்லை. சிலிக்கோசிஸ் உள்ளவரைச் சயரோகமும் எளிதில் பற்றும்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லில் சிலிக்கா குறைவு. ஆனால் வெளியிலிருந்து லொறியில் வரும் கருங்கல்லிலும், கட்டடம் கட்டும் மணலிலும், தரை ஓடுகளிலும் சிலிக்கா நிறைய உண்டு. கருங்கல் உடைத்தல், காய்ந்த சீமெந்துச் சுவரைக் கிறைண்டரால் வெட்டுதல், தரை ஓடு வெட்டுதல், கொங்கிறீற்றைத் துளைத்தல் ஆகியவை ஆபத்தான வேலைகள். சுண்ணக்கல் தூசியும் தீங்கற்றதல்ல. அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்து, நாட்பட்ட இருமலைக் கொண்டுவரும்.

தூசி வேலை செய்பவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. வாழைப்பழமோ, வெல்லமோ, பாலோ எடுத்தால் தூசி வயிற்றால் போய்விடும் என்பது. வாழைப்பழம் நல்ல உணவு. நீர்வேலியில் அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாய் வழியே போவது இரைப்பைக்குப் போகிறது. மூச்சு வழியே போவது நுரையீரலுக்குப் போகிறது. நுரையீரலுக்குள் போன தூசியை எந்தப் பழமும் வெளியேற்றாது.

சீமெந்தும் சுண்ணாம்பும்

நீர் கலந்த சீமெந்து கடுமையான காரத்தன்மை உள்ளது. கால் விரல்களுக்கிடையிலும் முழங்காலிலும் மணிக்கணக்காக ஈரச் சீமெந்து பட்டிருந்தால் தோல் வெந்து புண்ணாகும். முதலில் நோகாது, நோகும்போது புண் ஆழமாகியிருக்கும். சீமெந்தில் உள்ள குரோமியம் என்ற பொருளினால் சிலருக்குக் கைகளில் தீராத சொறி வரும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால், சிறிது சீமெந்து பட்டாலும் மீண்டும் வரும்.

நீறாத சுண்ணாம்பு தண்ணீர் பட்டவுடன் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம். முகத்திலும் இமையிலும் ஒட்டியிருக்கும் பொடியை முதலில் துடைத்து அகற்றி, உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் வரை கண்ணைத் திறந்து கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய்ப்பால், நல்லெண்ணெய் எதுவும் விடக்கூடாது.

இயந்திரம்

சுழலும் பெல்ற், பல்சக்கரம், வாள் ஆகியவற்றுக்கு மூடி இருக்க வேண்டும். வேலையை விரைவாக்க மூடியைக் கழற்றி வைக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. விரல் போவது ஒரு கணத்தில். சாரத்துடனோ, தொங்கும் சால்வையுடனோ, அவிழ்ந்த கூந்தலுடனோ சுழலும் இயந்திரத்துக்கு அருகில் போகக்கூடாது. இயந்திரத்தைத் துடைப்பதும் திருத்துவதும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே. நிறுத்தியவரே ஆளியில் அட்டை ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அவரே அதைக் கழற்ற வேண்டும். உள்ளே கை இருக்கும்போது வேறொருவர் தெரியாமல் ஆளியைப் போட்டதனால் நடந்த விபத்துகள் உலகெங்கும் ஏராளம்.

வெல்டிங்

வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் இருக்கும். பக்கத்தில் நிற்கும் உதவியாளுக்கும் இது நடக்கும். சாதாரண வெயில் கண்ணாடி இதற்குப் போதாது. வெல்டிங்குக்கென்று உள்ள கறுப்புக் கண்ணாடி பதித்த முகமூடி வேண்டும். நாகம் பூசிய தகரத்தை வெல்டிங் செய்தால் வரும் வெண்புகை அன்றிரவே குளிர்காய்ச்சல்போல நடுக்கத்தைத் தரும். பூச்சை உரசி நீக்கிவிட்டு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். பழைய எண்ணெய்ப் பீப்பாவை உள்ளே கழுவி ஆவியை அகற்றாமல் வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது. அதற்குள் தங்கியுள்ள ஆவி குண்டுபோல வெடிக்கும்.

இரைச்சல்

ஒரு கைநீட்டுத் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தின் இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவு என்று கொள்ளலாம். 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்காக இருப்பவருக்குக் கேட்கும் திறன் மெல்ல மெல்லக் குறையும். போன கேள்விப்புலன் திரும்பி வராது.

மூடிய தொட்டியும் குழியும்

2018 ஏப்ரலில் ஹொரணைக்கு அருகே பெல்லப்பிட்டியில், றப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் அமோனியாத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைக் காப்பாற்றப் போனவர்களும் நச்சு வாயுவுக்குள் அகப்பட்டனர். 5 பேர் இறந்தனர். விழுந்தவரைக் காப்பாற்ற ஓடுவது மனித இயல்பு. ஆனால் தொட்டி, மலக்குழி, கிணறு ஆகியவற்றுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், கயிறும் காற்றும் இன்றி இறங்குபவர் இரண்டாவது பிணமாவார். வெளியே நின்று கயிறு வீசுங்கள்; காற்றை உட்செலுத்துங்கள்; உதவி கூப்பிடுங்கள். இறங்க வேண்டிய வேலை என்றால், முதலில் உள்ளே காற்றோட்டம் ஏற்படுத்தி, இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, அதை மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் சீற்

மீளக் குடியேறுபவர்கள் முதலில் செய்வது உடைந்த வீட்டைத் துப்புரவாக்குவது. அங்கே பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுத் துண்டுகள் கிடக்கும். முழுதாக இருக்கும் சீற்றினால் ஆபத்துக் குறைவு. உடைக்கும்போதும், வாளால் அரியும்போதும், கம்பித் தூரிகையால் உரசும்போதும் நூலிலும் மெல்லிய இழைகள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலில் தங்கி, இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் இதைத் தடைசெய்துள்ளன. இலங்கையில் இறக்குமதியைப் படிப்படியாகக் குறைத்து 2024இல் நிறுத்துவது என்று அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா நமது தேயிலையை இடைநிறுத்தியதை அடுத்து அந்த முடிவு தளர்த்தப்பட்டது. அஸ்பெஸ்டஸ் ரஷ்யாவிலிருந்தே பெரும்பாலும் வருகிறது.

ஆகவே நாமே கவனமாக இருக்க வேண்டும். சீற்றை நன்றாக நனைத்த பின்னரே தொடுங்கள். உடைக்காமல், முழுதாகக் கழற்றி இறக்குங்கள். துண்டுகளை வீதிப் பள்ளம் நிரப்பப் பாவிக்காதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

4. பாதுகாப்பின் ஒழுங்கு

பாதுகாப்பு என்றதும் முகக்கவசம்தான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் முகக்கவசம் கடைசிப் படி. பாதுகாப்பைப் பின்வரும் ஒழுங்கில் யோசிக்க வேண்டும்.

முதற்படி: ஆபத்தையே அகற்றுதல். தரை ஓட்டைச் சரியான அளவில் வாங்கினால் வெட்டவே தேவையில்லை.

இரண்டாம் படி: ஆபத்துக் குறைந்த ஒன்றைப் பாவித்தல். துரு நீக்க மணலை வீசி அடிப்பதற்குப் பதிலாக வேறு முறையைக் கைக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையில் தடை வைத்தல். இயந்திரத்துக்கு மூடி, தூசி வரும் இடத்தில் தண்ணீர், புகையை இழுக்கும் விசிறி ஆகியவை இதில் அடங்கும்.

நான்காம் படி: வேலையை ஒழுங்கு செய்தல். தூசி வேலையை ஒருவரே நாள் முழுதும் செய்யாமல் மாறி மாறிச் செய்தல், கடும் வெயிலில் இடைவேளை விடுதல், குடிதண்ணீர் வைத்தல்.

ஐந்தாம் படி: முகக்கவசம், கையுறை, சப்பாத்து, கண்ணாடி.

சீமெந்துக் கல் அரியும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். சீமெந்துப் பையை உயரத்திலிருந்து கொட்டாமல் தரைமட்டத்தில் வெட்டி மெதுவாகச் சரிக்கலாம். கலவை இயந்திரத்தைக் காற்று அடிக்கும் பக்கம் பார்த்து, ஆட்களுக்கு மறுபுறம் வைக்கலாம். தரையைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டலாம். பெல்ற்றுக்கு ஒரு தகர மூடி அடிக்கலாம். முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து வாங்கலாம். ஒரு வாளி நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் எப்போதும் வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. முகத்தில் கட்டும் சால்வையோ, கொரோனாக் காலத்தில் போட்ட துணிக்கவசமோ நுண்தூசியைத் தடுக்காது. என்95 என்று குறிக்கப்பட்ட கவசம், மூக்கோடு இறுக்கமாகப் பொருந்தினால் மட்டுமே ஓரளவு தடுக்கும்.

5. வீட்டுக்கு வரும் ஆபத்து

வேலை உடுப்பில் ஒட்டிய தூசி வீட்டுக்கு வருகிறது. அப்பா வேலையால் வந்ததும் மடியில் ஏறும் பிள்ளை அதைச் சுவாசிக்கிறது. உடுப்பை உதறித் துவைக்கும் தாயும் சுவாசிக்கிறாள். வேலைத்தலத்திலேயே உடுப்பை மாற்றுங்கள். முடியாவிட்டால், வீட்டுக்குள் போகுமுன் கிணற்றடியில் குளித்து, வேலை உடுப்பை வேறாக நனைத்துத் துவையுங்கள்.

பட்டறையின் கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றாதீர்கள். நமது நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நட்டஈடு வந்தாலும் கிணறு உடனே முன்போல் ஆகிவிடுவதில்லை.

பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவது குற்றம். வளரும் உடலைத் தூசியும் நஞ்சும் கூடுதலாகத் தாக்கும்.

6. சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. துப்புரவு, காற்றோட்டம், வெளிச்சம், குடிதண்ணீர், மலசலகூடம், இயந்திரங்களுக்கு வேலி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைச் செய்வது தொழிற்சாலை நடத்துபவரின் கடமை. தொழிலாளி இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாதபடி காயப்பட்டாலோ அதை அறிவிக்க வேண்டும். இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையினாலும் வேலையின்போதும் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும், குறிப்பிட்ட சில தொழில் நோய்களுக்கும் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் உச்சத் தொகை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ‘நான் நாட்கூலிதானே, எனக்கு என்ன உரிமை’ என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் ஒன்றும் உள்ளது.

உலக மட்டத்தில், சர்வதேசத் தொழில் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்கச் சமவாயம், பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியின் மேல் சுமத்தக்கூடாது என்கிறது. உயிராபத்து நேரிடும் என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகியவரைத் தண்டிக்கக்கூடாது என்றும் சொல்கிறது. 2022இல் அவ்வமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேஷில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். முதல் நாளே சுவரில் வெடிப்பைத் தொழிலாளர் கண்டிருந்தனர். ஆயினும் மறுநாள் அவர்கள் வேலைக்குள் அனுப்பப்பட்டனர். ‘மாட்டோம்’ என்று சொல்லும் உரிமை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. விபத்து நடந்தால் செய்ய வேண்டியவை

முதலில் இயந்திரத்தை அல்லது மின்சாரத்தை நிறுத்துங்கள். மின் தாக்கியவரை ஆளியை நிறுத்தாமல் தொடாதீர்கள். முதலுதவி செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

ஆஸ்பத்திரியில் ‘வீட்டில் விழுந்துவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். முதலாளி கோபிப்பார் என்று பயந்து பலர் இப்படிச் சொல்கிறார்கள். அந்த ஒரு வசனம் ஏட்டில் பதிந்துவிட்டால் பின்னர் நட்டஈடு கேட்பது கடினம். எங்கே, எந்த வேலையின்போது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கண்ட சாட்சிகளின் பெயரை எழுதி வையுங்கள். மருத்துவத் துண்டுகளையும் சம்பளக் குறிப்பையும் பத்திரப்படுத்துங்கள். காலம் கடத்தாமல் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ‘சரி தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முதலாளி தருவதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாசித்து விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்காதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். வைத்தியரிடம் நோயை மட்டுமல்ல, செய்யும் வேலையையும் சொல்லுங்கள்: ‘ஐயா, நான் எட்டு வருடமாகக் கல் வெட்டுகிறேன்.’ அதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

8. விசுவாசமும் வேலைத்தலமும்

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைபிடிச் சுவர் கட்ட வேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுந்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. சுவர் கட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரனுடையது. இயந்திரத்துக்கு மூடி போடுவதும் அந்தக் கைபிடிச் சுவரே. முதலாளிகளாகவும் மேசன்மார்களாகவும் நமது சபைகளில் இருப்பவர்கள் இதைத் தங்களுக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலரும் இடம்பெயர்ந்து, கடன்பட்டுத் தொழில் தொடங்கியவர்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. கடன் உண்மை, ஆனாலும் இன்னொருவனின் நுரையீரலால் அந்தக் கடனைக் கட்ட முடியாது.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குழுவில் யார் யார் எந்த வேலைத்தலங்களுக்குப் போகிறார்கள்? ஒவ்வோர் இடத்திலும் உள்ள மூன்று ஆபத்துகளைப் பட்டியலிடுங்கள்.

2. அவற்றுள் பணம் செலவழிக்காமல் இந்தக் கிழமையே நீக்கக்கூடியது எது?

3. முதலாளியோடு தனியாகப் பேசுவதா, நாலு பேர் சேர்ந்து பேசுவதா நல்லது? எதைக் கேட்பீர்கள்? எப்படிக் கேட்பீர்கள்?

4. வேலையில் காயப்பட்ட ஒருவரை உங்கள் ஊரில் அறிவீர்களா? அவர் நட்டஈடு கேட்டாரா? கேட்காவிட்டால் ஏன்?

செய்து பார்க்க

ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். குழுவில் ஒவ்வொருவரும் வேலை செய்த இடம், வேலை வகை, தொடங்கிய ஆண்டு, நிறுத்திய ஆண்டு, ஏற்பட்ட காயம், வந்த நோய் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். காணி உறுதியை எத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் பையில் வைத்துக் காத்தவர்கள் நாம். இந்தக் கொப்பியையும் அப்படியே காத்து வையுங்கள்.